செம்பனையின் கர்மா
சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு வணிக நோக்கில் நடப்பட்ட செம்பனை, நம்மவர் உழைப்போடு பிணைந்த பயிர் என்பதை நாம் அறிவோம். மிகுந்த எண்ணெய் தரும் தாய்மரத்தின் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கன்றுகளைப் பெருக்கும் முறை பிற்காலத்தில் வந்தது. அக்கன்றுகள் தாயைப் போலவே காய்க்கும் என எதிர்பார்த்தனர். ஆயினும் சில மரங்கள், நட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பூத்த பின்னரே குறையைக் காட்டின. பெண்பூவில் வளராது நிற்கவேண்டிய மகரந்தத்தாள்கள் சதைப்பற்றோடு பருத்து, மேலாடைபோல் காயைச் சூழ்ந்துகொண்டன. இத்தகைய குலைகள் பல முற்றாமலே பாழாயின. நிலமும் உரமும் கூலியும் வீணாயின.

இத்தனைக்கும் நல்ல மரம், திரிந்த மரம் இரண்டின் மரபணு வரிசையும் ஒன்றே. பாங்கியிலுள்ள மலேசியச் செம்பனை வாரியத்தின் மெய்லினா ஓங் அப்துல்லா, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி முதலியோர் 2015இல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விளக்கம் தந்தனர். பூவுறுப்புகளை அமைக்கும் மரபணு ஒன்றனுள் ‘கர்மா’ எனும் இடம்பெயர் துண்டு உறைகின்றது. அதன்மேல் மீத்தைல் குறிகள் அடர்ந்திருப்பின் கனி செம்மையாக உருவாகும். திசு வளர்ப்பின்போது அவை நீங்கிவிடின் மரபணுவின் செய்தி இடையில் அறுபட்டுக் கனி திரியும். இவ்விரு நிலைகளையும் நல்ல கர்மா, தீய கர்மா என்றே அவ்வாய்வாளர்கள் வழங்கினர். வினைக்கொள்கை பயின்ற நமக்கு அப்பெயர் முறுவலை வருவிக்கும். கன்றுப் பருவத்திலேயே இலைத்துணுக்கைச் சோதித்துத் தீய கர்மா உடையவற்றை விலக்க இக்கண்டுபிடிப்பு வழி செய்துள்ளது.