உங்களுக்குத் தெரியுமா? மீன் சந்தை தந்த வசைச்சொல்

ஆங்கிலத்தில் கொச்சையான ஏச்சுப்பேச்சுக்கு ‘பில்லிங்ஸ்கேட்’ என்று ஒரு பெயர் உண்டு. லண்டனில் தேம்ஸ் கரையில் இருந்த படகுத்துறையின் பெயர் அது. அங்கிருந்த மீன் சந்தையை 1699-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு எல்லோருக்கும் பொதுவான சந்தையாக்கியது. அதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டில், இடப்பெயர் வசையின் பெயராகிவிட்டிருந்தது. கீழ்த்தர மக்கள் கூடுகிற, அடிக்கடி சச்சரவும் கெட்ட வார்த்தையும் கேட்கிற இடம் என்று 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி காரணம் சொல்கிறது.

இந்தச் சொல் மீன்காரிகளின் வாயைவிட, அதைக் கேட்டு முகம் சுளித்தவர்களின் மனத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்கலாம். புகையாதுதான், சந்தையில் ஏச்சு இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் படகோட்டிகளும் சுமைதூக்கிகளும் புழங்கிய அதே துறையில், கெட்ட பெயர் பெண்கள் தலையில் விடிந்தது. மீன் விற்பவள் என்று மட்டுமே பொருள்பட்ட ‘ஃபிஷ்வைஃப்’ வாயாடிக்குப் பெயரானது. படகோட்டி என்ற சொல்லுக்கு இந்தக் கதி நேரவில்லை. பாரிஸ் மீன்காரிகளுக்கும் இதே கெட்ட பெயர்தானே என்றால், அது குணத்தைவிடத் தொழிலையே சுட்டுகிறது. ஐஸ் பெட்டி இல்லாத காலம். வெயில் ஏறுவதற்குள் கூடை காலியாக வேண்டும். விலையைக் கூவாமல், பேரம் பேசியே நேரத்தைக் கடத்துபவரை விரட்டாமல் மீன் விற்க முடியாது. அகராதி எழுதியவர்கள் யாரும் அந்தக் கூடையைச் சுமந்தவர்கள் அல்ல.