வால்வு றேடியோவில் வோல்ற் கோளாறு

வால்வு றேடியோ பாடுவதற்கு இரண்டு மின்னழுத்தங்கள் சரியாக இருக்க வேண்டும். வால்வின் இழையைச் சூடாக்கப் பெரும்பாலும் 6.3 வோல்ற். சூட்டில் வெளிப்படும் எலக்ட்ரான்களைத் தகட்டுக்கு இழுக்க ஏறத்தாழ 250 வோல்ற் டி.சி. பெட்டி ஊமையானாலும் இரைந்தாலும் சந்தேகம் முதலில் வால்வின் மேல்தான் விழும். ஆனால் வால்வை மாற்றுவது கடைசி வேலை. பிளக்கிலிருந்து வரிசையாக அளந்து வருவதே முதல் வேலை.

கொட்டியாரக் குடாவை ஒட்டிய சம்பூர் போன்ற ஊர்களில் உப்புக் காற்றுக்குத் தப்பும் உலோகம் குறைவு. வால்வின் கால்களிலும் சொக்கற்றிலும் களிம்பு ஏறும். தாள் கொண்டென்சர்கள் ஈரம் குடிக்கும். ஆகவே சுவிட்சைப் போடுமுன் தொடுமுனைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். பெட்டியின் இனத்தையும் அறிய வேண்டும். மின்சாரம் இல்லாத ஊர்களுக்கென வந்த பற்றரிப் பெட்டிகளில் இழைக்கு 1.4 வோல்ற், தகட்டுக்கு 90 வோல்ற். இவ்விரண்டும் மாறிப்போனால் எல்லா வால்வுகளும் ஒரு நொடியில் எரிந்துவிடும்.

அடுத்தது, முதுகுப்புறத்திலுள்ள வோல்ற் தெரிவு. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற். 220, 245 என்ற இரண்டு நிலைகள் மட்டும் இருந்தால் 245இல் வைப்பதே பழைய பெட்டிக்குப் பாதுகாப்பு.

பல ஆண்டு கிடந்த பெட்டிக்கு நேரே மின்சாரம் கொடுக்கக் கூடாது. 60 வாற் இழைக் குமிழ் ஒன்றைத் தொடரில் இணைக்க வேண்டும். குமிழ் ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட் இருக்கிறது.

இழைகள் ஒளிராவிட்டால் ட்ரான்ஸ்போமரின் 6.3 வோல்ற் சுற்றை அளக்க வேண்டும். ட்ரான்ஸ்போமர் இல்லாத பெட்டிகளில் இழைகள் கோயில் திருவிழாச் சரவிளக்குப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒன்று அறுந்தால் எல்லாம் அணையும். அத்தகைய பெட்டியின் இரும்புச் சட்டமே மின்சாரம் பாயும் கம்பியோடு சேர்ந்திருக்கலாம் என்பதால் அதைத் தொடுவது உயிராபத்து.

இழைகள் ஒளிர்ந்தும் உயர் வோல்ற் இல்லையென்றால் மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் ஈ.இசட்.80 போன்ற ரெக்டிபயர் வால்வையும் அதற்குரிய சுற்றையும் பார்க்க வேண்டும். வோல்ற் குறைந்து உறுமலும் கேட்டால், பெரும்பாலும் பெரிய வடிகட்டிக் கொண்டென்சர் உலர்ந்திருக்கும்.

வோல்ற் குறைந்து, ஒலி கரகரத்து, வெளியீட்டு வால்வு அளவுக்கு மீறிச் சுட்டால் குற்றவாளி பெரும்பாலும் ஒரு சிறு தாள் கொண்டென்சர். முந்திய வால்வின் தகட்டிலிருந்து ஒலியை மட்டும் கடத்தி, டி.சி.யைத் தடுப்பது அதன் வேலை. அது கசிந்தால் வெளியீட்டு வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டில் நேர் வோல்ற் ஏறும். ஈ.எல்.84 என்ற வெளியீட்டு வால்வில் கிரிட் சுழியத்தில் நிற்க வேண்டும். எலக்ட்ரான்களை உமிழும் கத்தோட்டில் சுமார் 7.3 வோல்ற் காட்ட வேண்டும். அங்குள்ள ரெசிஸ்ரர் 135 ஓம் என்றால், 7.3ஐ 135ஆல் வகுக்க 54 மில்லியம்பியர் வரும். அதுவே சரியான மின்னோட்டம். கத்தோட்டில் 12 வோல்ற் காட்டினால் வால்வு தன்னையே எரித்துக்கொண்டிருக்கிறது. பழைய கொண்டென்சரைக் கழற்றி, 630 வோல்ற் தாங்கும் பொலியெஸ்ரர் வகையைப் போட்டால் கோளாறு தீரும்.

முன்னிலை வால்வுகளின் தகட்டில் வோல்ற் குறைந்தால், முதுமையில் ஓம் கூடிப்போன கார்பன் ரெசிஸ்ரரே காரணமாகலாம்.

அளவுகளை ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பழைய சுற்றுப்படங்களிலுள்ள எண்கள் முள் மீற்றரால் எடுக்கப்பட்டவை. அது சுற்றிலிருந்து சிறிது மின்னோட்டத்தைத் தானும் இழுக்கும். இன்றைய டிஜிற்றல் மீற்றர் சில இடங்களில் கூடுதலாகக் காட்டுவது கோளாறல்ல.

அளக்கும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் வடிகட்டிக் கொண்டென்சரில் உயிர்பறிக்கும் மின்னேற்றம் தங்கும். அதை ரெசிஸ்ரர் ஒன்றின் வழியே இறக்கி, மீற்றரில் சுழியம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.