குளத்துக்குக் கரை எங்கே?

இன்று ஒரு குளத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் வகுப்பில் குளம் ஒன்றை வரையச் சொன்னேன். ஒரு மாணவன் பக்கம் முழுவதும் தாமரைகளை இறைத்து, நடுநடுவே மீன்களை நீந்த விட்டிருந்தான். "மேலிருந்து பார்த்தால் மீனின் முதுகுதானே தெரியும்? நீ பக்கவாட்டில் வரைந்திருக்கிறாயே! கரை எங்கே?" என்று கேட்டு, சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அதன்பிறகு ஓவிய நோட்டைக் கொண்டு வருவதையே நிறுத்திவிட்டான்.

அதே ஆண்டு, புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போனோம். பாறையைக் குடைந்து சமணர்களுக்காக அமைத்த சிறிய கோயில் அது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால், மேற்கூரையில் ஒரு தாமரைக் குளம்! 9-ஆம் நூற்றாண்டு ஓவியம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பல இடங்களில் உதிர்ந்து போயிருந்தாலும் மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் தெரிகிறார்கள்.

அந்தப் பையன் மெல்ல என் அருகே வந்தான். "சார், இதிலேயும் கரையைக் காணோமே! மீனும் பக்கவாட்டிலேதான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது சரிதான்!

கண்ணுக்குத் தெரிவதை அப்படியே எடுத்துத் தரக் கேமரா போதும். ஓவியரோ தான் பார்த்ததிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்து, தன் மனம் போல அமைக்கிறார். மீனின் அழகு பக்கவாட்டில்தான் தெரியும். அதனால் அப்படி வரைந்தார். குளம் நிறைந்திருப்பதைக் காட்ட வேண்டும், கரையை விட்டுவிட்டார். எதை எங்கே வைப்பது, எங்கே வெற்றிடம் விடுவது என்று முடிவு செய்வதற்கு 'இடம்' என்று பெயர். ஓவியத்தின் அடிப்படைக் கூறுகளில் அதுவும் ஒன்று.

மற்றவையும் அந்தக் கூரையிலேயே இருக்கின்றன. தாமரைத் தண்டு நெளிந்து போகிறதே, அது கோடு. கோடு சுற்றிவந்து தன்னோடு சேர்ந்தால் வடிவம்: வட்ட இலை, கூம்பிய மொட்டு. பிறகு வண்ணம். அந்தக் காலத்தில் கடையில் வண்ணப் பெட்டி ஏது? சுண்ணாம்பிலிருந்து வெள்ளை, கரியிலிருந்து கறுப்பு, காவி மண்ணிலிருந்து சிவப்பும் மஞ்சளும், பச்சை நிற மண்ணிலிருந்து பச்சை! பாறைமேல் சுண்ணச்சாந்து பூசி, அதன்மேல் தீட்டினார்கள். வெளிச்சமும் நிழலும், சொரசொரப்பும் வழவழப்பும்கூட ஓவியத்தின் கூறுகள்தான். அவற்றை ஒரு கொய்யா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் அவனுடைய நோட்டைக் கேட்டு வாங்கினேன். நான் போட்ட சிவப்புக் கோட்டை அழிக்க முடியவில்லை. மை ஆயிற்றே! அவனே தூரிகையை எடுத்து, அந்தக் கோட்டை நீளமான தாமரைத் தண்டாக்கி, நுனியில் ஒரு மொட்டும் வைத்துவிட்டான்.