உங்களுக்குத் தெரியுமா? அரியாங்குப்பத்திலிருந்து ஒரு கேள்வி!

புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பத்தில் வாய்க்கால் கட்டுவது புது விஷயம் என்று நினைக்கிறீர்களா? 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே இருக்கும் அரிக்கமேட்டில் மண்ணைத் தோண்டினார். நேர்த்தியாகக் கட்டிய செங்கல் தொட்டிகள் கிடைத்தன. தொட்டிக்குத் தண்ணீர் வரத் தனியாகச் செங்கல் வாய்க்கால், வடியத் தனியாக வாய்க்கால்! துணிக்குச் சாயம் ஏற்றிய இடமாக இருக்கும் என்றார் அவர். வயது? சுமார் 2,000 வருடம்!

அதே இடிபாடுகளைப் பற்றி வீலருக்கு முன்பே எழுதியவர் லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர். மனிதர் தொல்லியலுக்காக வரவில்லை. 1769-இல் சூரியனைக் கடக்கும் வெள்ளிக் கோளைப் பார்க்கப் புதுச்சேரி வந்தார். அந்த நேரம் பார்த்து மேகம் மறைத்துவிட்டது. வானத்தில் கோட்டை விட்டவர், தரையில் பிடித்துவிட்டார்!

இப்போது சட்டசபைக்கு வாருங்கள். புதுச்சேரி சட்டசபைக்கு எதிரே பாரதி பூங்கா. நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். அது எதற்குக் கட்டியது தெரியுமா? குடிதண்ணீருக்கு! முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது.

ஆயி யார்? தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்று கதை சொல்லப்படும் தாசி. ராஜா இல்லை, கவர்னர் இல்லை, கடவுளும் இல்லை. புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது அவள் மண்டபம்தான்! குடிநீர் பற்றி எந்த எம்.எல்.ஏ. கேட்டாலும், பதில் வரும் அரசுத் தாளின் தலையில் ஆயி மண்டபம்!

புதுச்சேரி எம்.எல்.ஏ.வை மடக்கிப் பிடிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? 2021-இல் மொத்த வாக்காளர்கள் சுமார் 10 லட்சம், தொகுதிகள் 30. ஒரு தொகுதிக்குச் சராசரி 33,000 பேர்! தமிழ்நாட்டில் அதே தேர்தலில் 234 தொகுதி, சராசரி 2 லட்சத்து 68 ஆயிரம். எட்டு மடங்கு! அதனால்தான் இங்கே தெருவிளக்கு எரியாவிட்டாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்கே போய்விடுகிறார்கள்.

30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 3 பேரை மத்திய அரசு நியமிக்கிறது. இந்த மூவரும் ஓட்டே கேட்காதவர்கள். ஆனால் சபையில் ஓட்டுப் போடலாம்! 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சரி என்று சொல்லிவிட்டது.

30 இருக்கையில் 23 புதுச்சேரிக்கு, 5 காரைக்காலுக்கு. மீதி ஒன்று கேரளக் கரையில் இருக்கும் மாஹேக்கு. இன்னொன்று ஆந்திராவுக்குள் கிடக்கும் ஏனாமுக்கு. ஏனாம் எம்.எல்.ஏ. தன் ஊர் ரோட்டைப் பற்றிக் கேள்வி கேட்க எவ்வளவு தூரம் வரவேண்டும்? 800 கிலோமீட்டருக்கு மேல்!

அண்ணா தி.மு.க. முதன்முதலில் ஆட்சி அமைத்தது எங்கே? சென்னை என்றால் தப்பு! 1974 மார்ச்சில், புதுச்சேரியில். முதல்வர் எஸ்.ராமசாமி. எம்.ஜி.ஆர். கோட்டைக்குள் நுழைந்தது அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான். புதுச்சேரி ஆட்சி எத்தனை நாள் நின்றது? 22 நாள்!

அரியாங்குப்பத்துக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு. 2011-இல் ஜெயித்த எம்.எல்.ஏ. வி.சபாபதி சபாநாயகர் ஆனார். 2021-இல் பக்கத்துத் தொகுதி மணவெளியின் ஏம்பலம் செல்வம் சபாநாயகர் ஆனார். பத்து வருட இடைவெளியில், ஒரே வட்டாரத்திலிருந்து இரண்டு பேர்! சபையில் எம்.எல்.ஏ.க்கள் கேள்வி கேட்கலாம். கேட்கச் சொல்லி அழைக்கும் சபாநாயகர் கேட்பதில்லை!

"பரிசீலனையில் உள்ளது." அமைச்சர் இப்படிச் சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும், இல்லையா? சிரிக்காதீர்கள். நாடாளுமன்றத்தில் அது வாக்குறுதி! "கவனிக்கிறேன்" என்றாலும் வாக்குறுதிதான். இப்படிப்பட்ட சொற்றொடர்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள். மக்களவைப் பட்டியலில் மொத்தம் 34!

வாயை விட்டால் முடிந்தது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இதைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே உறுதிமொழிக் குழு 1953-இல் பிறந்தது. புதுச்சேரி சட்டசபையிலும் ஒன்று இருக்கிறது. அமைச்சர் மறந்தாலும் குழுவின் கோப்பு மறக்காது! மூன்று மாதத்தில் முடியாவிட்டால்? அவகாசம் கேட்டு எழுதலாம். அதையும் தாராளமாக எழுதுகிறார்கள்!

ஒரு துறையின் பல கோடி ரூபாய் மானியத்தை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லி எம்.பி. தீர்மானம் கொடுக்கலாம், தெரியுமா? கொள்கையே பிடிக்கவில்லை என்று அர்த்தம். குறிப்பிட்ட ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டுமா? குறைக்கச் சொல்வது வெறும் 100 ரூபாய்! இரண்டுக்கும் பெயர் வெட்டுத் தீர்மானம். கத்தி ஒன்று, வெட்டு பலவிதம்!

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பதிவான முதல் கேள்வி 1721-இல், லண்டன் பிரபுக்கள் சபையில். இந்தியாவில் முதல் கேள்வி 1893-இல்! கேட்டவர் பிங்கா ராஜா. சரி, ஒரு ராஜா எதைக் கேட்டிருப்பார்? அரண்மனையையா, யானையையா? இல்லை. முகாம் போட வரும் அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்தே கிராமத்துக் கடைக்காரர்கள் நொந்துபோகிறார்களே, அதை!

அப்போது பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். மேற்கொண்டு ஒரு துணைக் கேள்வி போட அனுமதி கிடைத்தது 1909-இல்தான். அதுவும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும்!

கேள்வியால் பதவி போன தமிழரும் உண்டு. 1957-இல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா கம்பெனிப் பங்குகளில் போனதைக் கிளறியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி எம்.பி., பிரதமரின் மாப்பிள்ளை! சிக்கியவர் அதே பிரதமரின் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1958 பிப்ரவரியில் ராஜினாமா!

கேள்வி கேட்கக் காசு வாங்கினால்? 2005 டிசம்பர் 23. ஒரே நாளில் 11 எம்.பி.க்கள் வெளியே!

சரி, சாக்கடையையும் தெருக்குழாயையும் எம்.எல்.ஏ. ஏன் சபையில் கேட்கிறார்? உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தில் கேட்க ஆள் இல்லை! அரியாங்குப்பம் தனிக் கொம்யூன் ஆனது 1907-இல், பிரெஞ்சுக்காரர் காலத்தில். கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் எப்போது? 2006! அதற்கு முந்தையது? 1968! நடுவில் 38 வருடம்!

2006-இல் ஜெயித்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் மறுபடி தேர்தல் அறிவித்தார்கள். விவகாரம் நீதிமன்றம் போனது, தேர்தல் நின்றது. ஓட்டு வாங்கிய கவுன்சிலர் இல்லாத ஊரில், வாய்க்கால் அடைப்பு நேராக சட்டசபைக்கு ஏறிவிடுகிறது. இதுவே என் வாதம்!

இன்னும் கேளுங்கள். புதுச்சேரிக் கடற்கரையில் மேரி கட்டடம், நகராட்சியின் பழைய மாளிகை. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021 பிப்ரவரி 25-இல் பிரதமர் திறந்தார். அதற்கு மூன்று நாள் முன்புதான் முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தது! கட்டடம் எழுந்தது. அரசு விழுந்தது. நகராட்சித் தலைவர்? அவர் இன்னும் வரவில்லை!

தண்ணீருக்கு வருவோம். புதுச்சேரியின் எல்லாக் கிராமப்புற வீட்டுக்கும் குழாய் வந்துவிட்டது என்று 2021-இல் மத்திய அரசு அறிவித்தது. எத்தனை வீடு? 1 லட்சத்து 16 ஆயிரம்! நாட்டிலேயே நாலாவது இடம். குழாய் வந்தது. குழாயில் வருவது உப்பா, நல்ல தண்ணீரா? கடலோர ஊர்களில் கேள்வி அங்கே மாறிவிட்டது!

புதுச்சேரியின் 84 ஏரிகளைத் தூர் வாரிச் சீரமைக்கப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாரிஸிலிருந்து மட்டுமல்ல, மொத்த ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து! 1999-இல் தொடங்கிய திட்டம் அது.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் கொட்டிய மழை 46 சென்டிமீட்டருக்கும் மேல்! அரியாங்குப்பத்துக்கு வடக்கே அரியாங்குப்பத்து ஆறு, தெற்கே சுண்ணாம்பாறு. கடலூர் சாலையில் டெம்போ பிடித்து எந்தப் பக்கம் போனாலும் பாலம் ஏறித்தான் ஆகவேண்டும்!

வீட்டு வசதிக்கு ஓர் ஆச்சரியம். புதுச்சேரியில் கூரை வீட்டைக் கல்வீடாக்கும் திட்டத்தின் பெயர் பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டு வீடு கட்டும் திட்டம். காமராஜர் புதுச்சேரியை ஒரு நாள்கூட ஆண்டதில்லை!

2021-இல் அமைச்சரான நெடுங்காடு சந்திர பிரியங்கா, புதுச்சேரிக்குச் சுமார் 40 வருடம் கழித்துக் கிடைத்த பெண் அமைச்சர். அவரிடம் இருந்த துறைகளைப் பாருங்கள். வீட்டு வசதியும் அவரே, போக்குவரத்தும் அவரே!

பள்ளிக்கூடத்தில் மதிய உணவு என்றால் காமராஜர், 1956 என்று டக்கென்று சொல்வோம். புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு சோறு போட்டது 1930-இல்!

இத்தனை சின்ன ஊரின் அரசுப் பள்ளிகளில் எத்தனை பாடத்திட்டம் ஓடியது? மூன்று! புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் புத்தகம், மாஹே கேரளப் புத்தகம், ஏனாம் ஆந்திரப் புத்தகம். ஒரே கல்வி அமைச்சர், மூன்று மாநிலத்துப் பாடத்துக்கும் பதில் சொன்னார்! 2024-25-இல் பிளஸ் டூ வரை எல்லாம் சி.பி.எஸ்.இ. ஆகிவிட்டது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீதம் தனி ஒதுக்கீடு 2023-இல் வந்தது.

பள்ளிக்கூடம் போக பஸ் கட்டணம்? மாணவர் சிறப்புப் பேருந்தில் 1 ரூபாய் வாங்கினார்கள். ஒரே ஒரு ரூபாய்!

ரயில்? விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1879-இல். அதோடு சரி! அரியாங்குப்பத்தைத் தாண்டிக் கடலூருக்குத் தண்டவாளம் நீளவே இல்லை. கிழக்குக் கடற்கரை வழியாகச் சென்னையிலிருந்து கடலூர் வரை, சுமார் 180 கிலோமீட்டருக்குப் பாதை போட ரயில்வே திட்டம் போட்டுப் பல வருடம் ஆகிறது. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ரோட்டில் 22 கிலோமீட்டர், அரியாங்குப்பம் வழியாக. ரயிலில் போனால் விழுப்புரம் போய்ச் சுற்றி வரவேண்டும். எவ்வளவு தூரம்? 80 கிலோமீட்டருக்கும் மேல்!