கவிஞரின் மனைவி வாழ்ந்த வீடு

மகளின் பிரசவத்துக்காக ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ போயிருந்தேன். பேரனுக்கு மூன்று மாதம் ஆனதும், "எத்தனை நாள்தாம்மா பத்தியச் சமையல், குழந்தைக்குக் குளிப்பாட்டல்னே இருப்பே? வா, ஒரு ஊர் பார்த்துட்டு வரலாம்" என்று டம்ஃப்ரீஸுக்குக் கூட்டிப்போனாள். ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நித் என்ற ஆற்றின் கரையில், சிவப்புக் கல் கட்டிடங்களோடு அடக்கமான ஊர்.

புத்தாண்டு பிறக்கும்போது பல நாடுகளில் பாடுகிறார்களே, 'ஆல்ட் லாங் சைன்', அதைத் தந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் கடைசியாக வாழ்ந்த ஊர் இது. 1793-ல் குடிவந்த வீட்டைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மாடி ஜன்னல் கண்ணாடியில் அவர் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். எல்லோரும் அதைத்தான் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கோ மனசெல்லாம் அவர் மனைவி ஜீன் ஆர்மர் மேலேயே இருந்தது.

ஒன்பது பிள்ளைகள் பெற்றவள். போதாததற்கு 1791-ல் கணவருக்கு இன்னொருத்தியிடம் ஒரு பெண் குழந்தை. அடுத்த சில நாளிலேயே ஜீனுக்கும் ஒரு மகன் பிறந்தான். அந்தப் பெண்ணையும் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்த்தாளாம். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? எனக்கு வராது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

1796 ஜூலையில் பர்ன்ஸுக்கு உடம்பு முடியாமல் போனது. வைத்தியர்களின் யோசனைப்படி கடற்கரைக்குப் போய் குளிர்ந்த கடல் நீரில் இறங்கி நின்றார். இருந்த தெம்பும் போயிற்று. வாதக் காய்ச்சலால் இதயம் கெட்டிருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். (குழந்தைகளுக்குத் தொண்டைவலி வந்துபோன பிறகு காய்ச்சலும் மூட்டுவலியும் கண்டால், கஷாயத்தோடு நிற்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.) 18-ம் தேதி வீடு திரும்பியவர், 21-ம் தேதி போய்விட்டார். வயது 37. 25-ம் தேதி ஊரே திரண்டு இறுதி ஊர்வலம். வீட்டில் ஜீனுக்குப் பிரசவ வலி. அன்றைக்கே ஆண் குழந்தை பிறந்தது. வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயரையே, மாக்ஸ்வெல் என்று வைத்தார்கள். அதுவும் மூன்று வயது நிரம்பாமலே இறந்தது.

அதே வீட்டில் 1834 வரை, 38 வருடம் விதவையாக இருந்தாள். அந்த மாடிப்படியில் கையை வைத்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. மகள் ஒன்றும் பேசாமல் குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

கடைவீதியில் பர்ன்ஸுக்கு 1882-லேயே சிலை வைத்துவிட்டார்கள். அதை வடிவமைத்தது அமீலியா ஹில் என்ற பெண் சிற்பி. ஜீனுக்குச் சிலை வந்தது 2004-ல்தான்! செயின்ட் மைக்கேல் தேவாலயத்துக்கு எதிரே நிற்கிறாள். தேவாலய வளாகத்தில்தான் கணவனும் மனைவியும் ஒரே கல்லறை மண்டபத்தில் அடங்கியிருக்கிறார்கள்.

பீட்டர் பான் கதை எழுதிய பாரி படித்த பள்ளியும் இங்கேதான். அதையும் பார்க்க ஆசை. ஆனால் ஜீன் சிலையடியில் பேரன் பாலுக்கு வீரிட்டான். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து மகள் பசியாற்ற, நான் சால்வையால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.