மாவில் கட்டிகள் இருக்கட்டும்

அமெரிக்க இல்லங்களில் காலை ஆகாரமாக விளங்கும் பான்கேக், பஞ்சுபோல் உப்பி எழும் ரகசியம் யாதென்று எப்போதேனும் சிந்தித்ததுண்டா? மைதா மாவில் சேர்க்கும் புளித்த மோரிலுள்ள அமிலம் சமையல் சோடாவைத் தீண்டிய கணத்திலேயே கரியமில வாயு குமிழ் குமிழாகப் பிறக்கிறது. அக்குமிழ்களே கல்லின் உஷ்ணத்தில் விரிந்து பான்கேக்கை உயர்த்துகின்றன. ஆனால், மைதா மாவை வழவழப்பாகும்வரை விடாமல் அடித்துக் கலக்கினாலோ, அதிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் இழை இழையாகப் பின்னி இறுகிவிடுவதோடு, அருமையாகச் சேர்ந்த வாயுவும் வெளியேறிப்போக, பண்டம் கடினமாகிவிடும். ஆதலால், சிறு சிறு கட்டிகள் எஞ்சியிருக்கும்போதே கலக்குவதை நிறுத்தி, தாமதியாமல் கல்லில் வார்த்து, மேற்பரப்பில் குமிழ்கள் வெடித்துத் துளைகள் மூடாமல் நிற்கும் தருணத்தில் ஒரே ஒரு முறை திருப்பிப் போடுங்கள். மிருதுவான பான்கேக் உங்கள் இல்லத்திலேயே நிச்சயமாகச் சித்திக்கும்.