மலைப்பரப்பில் ஒரு சிற்றுரு: ஜான் மார்ட்டினின் ‘சாடக்’ ஓவியம்

ஜான் மார்ட்டின் (1789–1854) வரைந்த ‘மறதிநீரைத் தேடும் சாடக்’ 1812ஆம் ஆண்டு இலண்டன் அரச கலைக்கழகக் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. இன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 183 செ.மீ. உயரமுடைய இவ்வோவியத்தைப் பாறையும் அருவியும் செந்தழல் ஒளியுமே நிறைக்கின்றன. அடிப்பகுதியில், பாறை விளிம்பொன்றைப் பற்றித் தன்னை மேலே இழுத்துக்கொள்ளும் மனிதன் ஒருவனைக் கண் சற்றுத் தேடியே காண்கிறது. படத்திற்குச் சட்டமிட வந்தோர் அதன் மேற்புறம் எது என்று தம்முள் வாதிட்டதை மார்ட்டின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. அச்சிற்றுருவைக் காணத் தவறினால் பாறையின் அளவோடு, மேல் கீழ் என்னும் திசையுங்கூட மயங்கிவிடும்.

இத்தகைய ஓவியங்களில் மனித உரு நிலப்பரப்புக்கு அளவுகோலாக நிற்கிறது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். அது போதாது. எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட அழகியல் நூலில், பெருவியப்புக்கு அச்சத்தை அடிப்படையாக்கி, பரப்பின் பெருமையை அதன் வலிய காரணங்களுள் ஒன்றாக்கினார். மிகச் சிறியதும் ஒருவாறு அவ்வுணர்வைத் தரும் என்பதை இடையே சுட்டிச் சென்றார். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோ மருட்கையை அச்சத்தினின்று பிரித்து, புதுமை, ஆக்கம் ஆகியவற்றோடு பெருமையையும் சிறுமையையும் அதன் நிலைக்களன்களாக ஒருசேர வைக்கிறது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இல்லை. எனினும் இப்படத்தை விளக்கப் பின்னதே கூடுதலாக உதவுகிறது. மலையின் பெருமை ஒரு வியப்பு. இத்துணைச் சிறியவன் இத்துணைத் தொலைவு ஏறிவந்தான் என்பது மற்றொரு வியப்பு.

சாடக்கின் கதை, ஜேம்ஸ் ரிட்லி பாரசீக மூலத்தின் மொழிபெயர்ப்பு எனப் புனைந்து 1764இல் வெளியிட்ட ‘ஜீனிக்களின் கதைகள்’ நூலில் வருகிறது. சாடக்கின் மனைவி கலாஸ்ராடேயைக் கவர்ந்த சுல்தான் அமுராத், அவள் கணவனை மறக்கும்பொருட்டு மறதிநீரைக் கொணரச் சாடக்கையே அனுப்புகிறான். மனைவியின் நெஞ்சிலிருந்து அவனை அழிப்பதற்கென்றே கேட்கப்பட்ட நீர் அது. ஓவியத்தில் சுல்தானும் இல்லை, கலாஸ்ராடேயும் இல்லை. சாடக்கின் முகக்குறிப்புங்கூட நமக்கு எதையும் அறிவிப்பதில்லை. துயரம் முழுவதும் உடலின் வளைவில் ஒடுங்கியுள்ளது. உருவைப் பெரிதாக்கியிருந்தால் முகம் பேசியிருக்கும், மலை நாடகத் திரைச்சீலையாகச் சுருங்கியிருக்கும். கதையின் முடிவில் அந்நீரைப் பருகி இறப்பவன் சுல்தானே. மார்ட்டின் அதுவரை செல்லவில்லை; கை விளிம்பைப் பற்றிய, கால் இன்னும் ஊன்றாத கணத்தோடு நிறுத்திக்கொண்டார்.